காதணிப் பூச்செடி: வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவையும் என் பதில்களும்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கோயில் முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே ஒரு பூக் தொரேய், அதாவது காதணிப் பூச்செடி நிற்கிறது. ஜூன் பிறந்து அது பூக்கத் தொடங்கினால் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், கூட்டிப் போக வரும் பெற்றோர்களும், விளக்குப் போட வரும் பாட்டிமார்களும் அதன் முன்னால் நின்று அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் நாற்று வாங்கிப் போய், இரண்டு மாதம் கழித்துக் காய்ந்த குச்சியோடு திரும்பி வந்து கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மிஸ், இது என்ன பூ? எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு.

பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இது மொரீஷியஸின் தேசிய மலர். 1992 மார்ச் 12 அன்று நாடு குடியரசானபோது இதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். பாடத்தில் படித்திருந்தாலும் நேரில் பார்த்தவர்கள் குறைவு.

ஆள் உயரத்துக்கும் மேலே வளரக்கூடிய புதர்ச்செடி. இலை தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிறி, தடவும்போது பூனைமயிர் போல விரலில் படும். பூ நல்ல சிவப்பு, மெழுகு பூசியது போலப் பளபளக்கும், மணி வடிவில் தலைகீழாகத் தொங்கும். நிமிர்ந்து நின்று பார்த்தால் இலைதான் தெரியும். குனிந்து கீழே இருந்து பார்க்க வேண்டிய பூ இது.

இதுக்குத் தமிழ்ல பேர் இருக்கா?

தமிழ் பேசும் நிலத்தில் முளைக்காத செடி, அதனால் பழைய பெயர் எதுவும் இல்லை. பிரெஞ்சிலும் கிரியோலிலும் காதில் போடும் தோடு என்ற பொருளில்தான் பூக் தொரேய் என்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குக் காதணிப் பூ என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பாட்டி ஜிமிக்கிப் பூ என்றார், அது இன்னும் பொருத்தம், தொங்குவது ஜிமிக்கிதானே.

தாவரவியல் பெயர் ட்ரோகேட்டியா பூத்தோனியானா. நாற்றுப்பண்ணையில் கேட்கும்போது இந்த முழுப் பெயரைச் சொல்வது நல்லது, ஏன் என்று கீழே வரும். முதல் பாதி, நீர்மங்கள் சவ்வின் வழியே ஊடுருவுவதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி துத்ரோஷேயின் நினைவாக வைத்தது. இரண்டாம் பாதி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் தாவரங்களைத் தேடித் திரிந்த மொரீஷியஸ்காரர் லூயி பூத்தோனின் நினைவாக.

செம்பருத்தி இனமா? பார்த்தா அப்படித்தான் தெரியுது.

சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தில்தான் இதுவும் வருகிறது. அந்தக் குடும்பத்துக்குள் இது வேறு கிளை. இந்தச் சொந்தத்தால் ஒரு தொல்லையும் உண்டு, பூச்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மாந்திரினெத் என்ற சிவப்புப் பூவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதுதான் உண்மையான செம்பருத்தி இனம். அதுவும் இந்தத் தீவுக்கே உரியது, அதுவும் அழிவின் விளிம்பில் இருப்பது. மாந்திரினெத் பூ விரிந்து முகம் காட்டும், காதணிப் பூ தலை கவிழ்ந்திருக்கும். அப்புறம் சிலர் ஃப்யூக்சியா தொட்டியைப் படம் எடுத்து வந்து “என் வீட்டிலும் இருக்கு மிஸ்” என்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துப் பூ, இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

காட்டுல எங்கே போனா பார்க்கலாம்?

லெ மோர்ன் மலையில் மட்டும்தான். உலகத்தில் வேறு எங்கும் இது தானாக முளைத்து நிற்கவில்லை. தீவின் தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டி 556 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த ஒரே கரும்பாறைதான் இதன் ஊர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை என்பதால் 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மனிதர்களுக்குப் புகலிடமாக இருந்த அதே செங்குத்துப் பாறைதான் இந்தச் செடியையும் வைத்திருக்கிறது. நடைபாதையில் ஏறும்போது குளிர்காலமாக, அதாவது இது பூக்கும் மாதங்களாக இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு.

ஏன் அந்த ஒரு மலையில மட்டும்?

மற்ற இடங்களில் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் விளங்கும். சமவெளிக் காடுகள் கரும்புக்காக வெட்டப்பட்டன. மிச்சம் இருந்த இடங்களில் வெளியிலிருந்து வந்த செடிகள் புகுந்து அடைத்துக்கொண்டன. நாம் ஆசையாகப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடும் சீனக் கொய்யா இருக்கிறதே, அதுதான் மலைக்காடுகளில் மிகப் பெரிய ஆக்கிரமிப்பாளர். அது அடர்ந்து வளர்ந்த இடத்தில் நாட்டுச் செடியின் நாற்று வெளிச்சம் பார்க்காமலே செத்துப்போகும். குரங்கு, எலி எல்லாம் கப்பலில் வந்தவை, அவை மொட்டையும் காயையும் தின்கின்றன. மனிதனும் கொய்யாவும் எளிதில் ஏற முடியாத பாறை இடுக்குதான் மிஞ்சியது.

மலைக்குப் போனப்ப ஒரு சின்னக் கிளை ஒடிச்சிட்டு வந்தா என்ன ஆகிடும்?

தயவுசெய்து வேண்டாம். ஒரு கிளையில் அடுத்த ஆண்டின் விதை இருக்கிறது, உலகத்தில் தானாக வளர்ந்து நிற்பதே அந்த ஒரு மலையின் செடிகள்தான். காப்புநிலங்களில் செடியைப் பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

அதோடு, ஒடித்து வந்த கிளை பிழைக்காது. வெயிலில் இரண்டு மணி நேரம் பையில் வதங்கிய குச்சியை நட்டுவிட்டு, வேர் வரவில்லையே என்று என்னிடம் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூட அந்தக் குச்சியால் யாருக்கும் பயன் இருக்கவில்லை.

அப்போ செடி எங்கே கிடைக்கும்?

வனத்துறையின் நாற்றுப்பண்ணைகளில் விசாரியுங்கள். ஃபெர்னே பள்ளத்தாக்குப் போல நாட்டுச் செடிகளை வளர்த்துக் காடு மீட்கும் இடங்களிலும் கேட்கலாம். எல்லா நாளும் இருப்பு இருக்காது, முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நாட்டுச் செடி வேண்டும் என்று பொதுவாகச் சொல்லாமல் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் ட்ரோகேட்டியா என்ற பெயரில் வேறு சில அக்காள் தங்கைகளும் உண்டு.

வாங்கும்போது பெரிய செடிக்கு ஆசைப்படாதீர்கள். சாண் அளவு நாற்று, பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வராதது, அதுதான் நல்லது. பை வயதான செடி நிலத்துக்குப் போனால் தலை தூக்க நாளாகும்.

எங்க வீடு க்யூர்பிப்ல. அங்கே ஓயாம மழை. இது வருமா?

வரும், ஆனால் இடத்தைப் பார்த்து நட வேண்டும். க்யூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லெ மோர்ன் உச்சியும் ஏறக்குறைய அந்த உயரம்தான், அதனால் குளிர் ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை ஈரம். லெ மோர்ன் காற்றுக்கு மறுபக்கம் இருக்கும் வறண்ட பகுதி, அங்கே பெய்யும் கொஞ்ச மழையும் பாறையில் வழிந்து கடலுக்குப் போய்விடும். வேர் தண்ணீரில் ஊறி நின்று பழகாத செடி இது. க்யூர்பிப்பில் மேட்டுப் பாத்தி கட்டி, அல்லது சரிவில், கூரைத் தண்ணீர் விழாத இடத்தில், முழு வெயில் படும்படி வையுங்கள். தண்ணீர் தேங்கும் மூலை என்றால் நிலத்தில் வேண்டாம், தொட்டிக்குப் போங்கள்.

வறண்ட மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், தமரன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு முதல் இரண்டு கோடையில் நாற்று காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

மண் எப்படி இருக்கணும்? தொட்டியில வைக்கலாமா?

தொட்டியில் நன்றாகவே வரும். நான் வைக்கும் கலவை இதுதான்: ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு ராக் சாண்ட் (கருங்கல்லை உடைத்த மணல்), ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரம், அதோடு ஒரு கை அளவு சிறு கருங்கல் ஜல்லி. தொட்டியின் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். கலவையை நனைத்துக் கையில் பிடித்து அமுக்குங்கள், விட்டதும் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

கடற்கரையில் கிடைக்கும் வெள்ளைப் பவழ மணலைச் சேர்க்காதீர்கள். அது சுண்ணாம்பு. இந்தச் செடி எரிமலைக் கல் கரைந்த மண்ணில் பிறந்தது. பச்சைச் சாணமும் வேண்டாம், வேதி உரத்தை அள்ளிப் போடவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை மேலே ஒரு அடுக்கு மக்கிய உரம் போட்டால் போதும்.

தினமும் தண்ணி ஊத்தறேன், அப்புறமும் இலை வாடுதே?

தினமும் ஊற்றுவதால்தான் வாடுகிறது. என்னிடம் வந்த கேள்விகளிலேயே அதிகம் இதுதான். என் முதல் செடியை நானும் இப்படித்தான் சாகடித்தேன், பதினோரு வாரம் கண்ணுக்குள் வைத்துக் காலையும் மாலையும் நீர் ஊற்றி. இலை தொங்கியதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி, விரலில் உரசினால் தோல் கழன்று வந்தது, சாக்கடை வாடை. வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் வாடும். அதுதான் ஆளை ஏமாற்றுவது.

ஊற்றும் முன் விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றி, மறுபடி காயும் வரை காத்திருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நிலத்தில் வேர் பிடித்து இரண்டு ஆண்டு ஆன செடிக்குக் கடும் வறட்சி தவிர நாம் ஊற்றவே வேண்டியதில்லை.

விதை போடுறதா, குச்சி நடுறதா?

விதை. குச்சியும் சிலருக்கு வேர் விடுகிறது, எனக்குப் பத்தில் ஒன்று வந்தால் பெரிது. விதையில் வந்த செடி ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டிருக்கும், அருகிப்போன இனத்துக்கு அந்த வேறுபாடுதான் சொத்து.

பூ உதிர்ந்தபின் காய் முற்றிப் பழுப்பாகும் வரை செடியிலேயே விடுங்கள். காய் வெடிக்கும் நேரத்தில் ஒரு மெல்லிய துணிப் பையைக் கட்டிவிட்டால் விதை கொட்டிப் போகாது. எடுத்த விதையைப் பழசாக்காமல் விதையுங்கள். மேலே சொன்ன கலவையில் மணலைக் கொஞ்சம் கூட்டி, விதையின் பருமன் அளவுக்கு மட்டும் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, தெளிப்பானால் நனைத்து வாருங்கள். எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று வந்து ஒரு மாதம் கழித்து அடுத்தது வரும், தட்டைக் கொட்டிவிடாதீர்கள். நான்கைந்து இலை வந்ததும் தனிப் பைக்கு மாற்றும்போது வேரோடு ஒட்டிய மண் உதிராமல் எடுக்க வேண்டும், வேரைக் கலைப்பது இதற்குப் பிடிக்காது.

மூணு வருஷமா வச்சிருக்கேன், பூக்கவே மாட்டேங்குது.

வெயில் எவ்வளவு படுகிறது என்று முதலில் பாருங்கள். மாமர நிழலில் வைத்திருந்தால் இலை மட்டும் செழிக்கும். இரண்டாவது, உரம் அதிகம் போட்டாலும் இதே கதைதான். மூன்றாவது, எப்போது கத்தரிக்கிறீர்கள்? இது ஜூன் முதல் அக்டோபர் வரை பூக்கும் செடி. ஏப்ரல், மே மாதத்தில் அழகு பார்க்க வெட்டினால் மொட்டு வரும் நுனியைத்தான் வெட்டுகிறீர்கள். வெட்ட வேண்டுமானால் பூத்து முடிந்தவுடன், அதுவும் காய் வேண்டாத கிளையை மட்டும், லேசாக.

பூவுக்குள்ள ரத்தம் மாதிரி ஏதோ இருக்கு மிஸ். நோயா?

நோய் இல்லை, அதுதான் இந்தப் பூவின் அதிசயம். காலையில் ஒரு பூவுக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி மெல்லத் தட்டுங்கள். சிவப்பாக ஒரு சொட்டு விழும், விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். அது தேன். உலகத்தில் பெரும்பாலான பூக்களில் தேன் தண்ணீர் நிறம்தான், நிறமுள்ள தேன் அபூர்வம். நம் தீவில் மட்டும் மூன்று செடிகளில் அது இருக்கிறது: இதில் சிவப்பு, இதன் தங்கை ட்ரோகேட்டியா பிளாக்பர்னியானாவில் மஞ்சள், அருவிப் பாறையில் வளரும் நீல மணிப் பூவான நெசோகோடானில் ரத்தச் சிவப்பு.

1998-இல் விஞ்ஞானிகள் இந்தச் சிவப்புத் தேன் ஏன் என்று புரியவில்லை என எழுதினார்கள். பிறகு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கைப் பூக்களில் நிறமுள்ள தேனையும் நிறமில்லாத தேனையும் வைத்துப் பார்த்தபோது, நம் பச்சைப் பல்லிகள் நிறமுள்ளதைத்தான் தேடிப் போயின. இங்கே தேன் இருக்கிறது, வா என்று பல்லிக்குச் சொல்லும் அடையாளம் அது. பல்லி தலையை மணிக்குள் விட்டு நக்கும்போது மகரந்தம் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும்.

பச்சைப் பல்லி பூவுலயே உட்கார்ந்திருக்கு. விரட்டணுமா? விஷமா?

விரட்டாதீர்கள், முந்தைய பதிலைப் படித்தால் அது அங்கே ஏன் இருக்கிறது என்று தெரியும். விஷம் துளியும் இல்லை. பல்லி விழும் பலன் பார்க்கும் வீடுகளில்கூட இந்தப் பச்சைப் பல்லியைப் பற்றி யாரும் கெட்டதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பூச்சி மருந்து அடித்தால் முதலில் பாதிக்கப்படுவது அதுதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கை நீளத்துக்குப் பெரிதாக, பச்சை முதுகில் சிவப்புத் திட்டுகளோடு இருந்தால் அது மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தப்பிய ராட்சதப் பல்லி. அது நம் சிறு பல்லிகளைத் தின்னும். அதைப் பார்த்தால் தேசியப் பூங்காத் துறைக்குச் சொல்லுங்கள்.

பல்லியே வராத மாடி வீட்டில், மெல்லிய தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் நாமே தடவிவிடலாம். இரண்டு வேறு வேறு விதையில் வந்த செடிகளாக இருக்கட்டும்.

குரங்கு மொட்டையெல்லாம் பிச்சிப் போடுது!

மலையடிவாரத்தில் வீடு உள்ள எல்லாருக்கும் இந்தத் துயரம் உண்டு. மொட்டு வரும் மாதங்களில் செடியைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு கட்டுவதைத் தவிர நிலையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பல்லி நுழையும் அளவுக்குக் கண்ணி பெரிதாக இருக்க வேண்டும்.

இலைக்கு அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி?

மாவுப்பூச்சி. பக்கத்தில் செம்பருத்தி வேலி இருந்தால் அங்கிருந்துதான் வந்திருக்கும், ஒரே குடும்பம் என்று முன்பு சொன்னேனே. இலை அடியின் இயல்பான பூனைமயிரைப் பூச்சி என்று நினைத்துச் சுரண்டியவர்களும் உண்டு, அதனால் முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள்: பூச்சி நசுங்கி ஈரமாகும், மயிர் ஆகாது. கொஞ்சமாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமானால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, மாலையில், பூக்களில் படாமல் தெளியுங்கள். செடிக்கும் செம்பருத்திக்கும் இடையே கொஞ்சம் தூரம் விட்டு நட்டிருந்தால் வேலை பாதி குறையும்.

புயல் எச்சரிக்கை வந்தா என்ன செய்யறது?

தொட்டியைப் படுக்க வைத்துச் சுவரோரம் நகர்த்துங்கள். நிலத்தில் இருக்கும் இளஞ்செடிக்கு இரண்டு பக்கமும் முளை அடித்து, துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். கடல் பக்க வீடு என்றால் புயல் போனதும் இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

காவடிக்கு இந்தப் பூவை வைக்கலாமா? சாமிக்கு ஆகுமா?

தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, அப்போது இது பூக்காது. ஆனால் ஆடி மாதம் முழுக்க, சில ஆண்டு நவராத்திரி வரைக்கும் பூ இருக்கும். அம்மனுக்கு உகந்த சிவப்பு. ஆகமத்தில் இந்தப் பூவைப் பற்றிச் சொல்லியிருக்க வழியில்லை, அவர்கள் இதைப் பார்த்ததில்லை. எங்கள் கோயில் ஐயரிடம் கேட்டேன், வீட்டில் வளர்த்த பூவைப் பக்தியோடு வைப்பதில் தவறில்லை என்றார். வாசனை கிடையாது, மாலை கட்டக் காம்பும் வாகாக இராது. ஒன்றிரண்டு பூவை மட்டும் எடுத்து மற்றவற்றைப் பல்லிக்கும் விதைக்கும் விடுங்கள். மலையில் பறித்த பூ வேண்டவே வேண்டாம்.

கோர் தெ கார்து முருகன் மலையிலயும் இதே செடி இருக்குன்னு சொல்றாங்களே?

அங்கே இருப்பது இதன் இன்னொரு தங்கை, ட்ரோகேட்டியா பார்விஃப்ளோரா. பூ சிறியது. 1863-க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டது என்றே எழுதி வைத்துவிட்டார்கள். 2001-இல் அந்த மலையில் மறுபடி கண்டுபிடித்தார்கள். காவடி தூக்கிக்கொண்டு படி ஏறும் நமக்கு மேலே, அதே மலையில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது யார் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ரீயூனியனில் இந்த இனத்தில் ஒன்று உண்டு, ட்ரோகேட்டியா கிரானுலாட்டா. மற்றவை எல்லாம் நம் தீவுக்கே உரியவை.

சென்னையில இருக்கிற சித்திக்கு விதை அனுப்பலாமா?

தபால் உறையில் போட்டு அனுப்பாதீர்கள். இங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும், இந்தியாவின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி அங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் பிடித்து அழித்துவிடுவார்கள், விதை வீணாகும். சித்தி இங்கே வரும்போது பூக்கும் மாதமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

என் செடி நிறைய விதை தருது. லெ மோர்ன்ல கொண்டு போய் தூவிட்டு வந்தா மலைக்கு நல்லதுதானே?

நல்ல மனசுதான், ஆனால் செய்யாதீர்கள். வீட்டுச் செடியின் தொட்டி மண்ணோடு நோய்க் கிருமியும், நத்தை முட்டையும், களை விதையும் மலைக்குப் போகும். பக்கத்தில் வேறு ட்ரோகேட்டியா வைத்திருந்தால் மகரந்தம் கலந்திருக்கவும் கூடும், அதனால்தான் நான் எங்கள் முற்றத்தில் இந்த ஒரு இனத்தை மட்டும் வைத்திருக்கிறேன். மாந்திரினெத்துக்கு இப்படித்தான் ஆபத்து வந்தது: தோட்டத்துச் செம்பருத்தியோடு கலந்து அதன் சொந்த அடையாளமே கரைகிறது.

விதை மிகுந்தால் தாய்ச்செடியை எங்கே, எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விதையோடு காகித உறையில் போட்டு, நாற்று வாங்கிய பண்ணையிலேயே கொடுங்கள். எங்கள் பகுதியில் இருப்பவர்கள் வகுப்பு நாளில் என்னிடம் கொண்டுவரலாம். போன டிசம்பரில் வந்த ஐந்து உறைகளில் மூன்று முளைத்திருக்கின்றன. நாற்றுகள் குழாய்க்குப் பக்கத்துத் திண்ணையில் இருக்கின்றன, வேண்டுமென்பவர்கள் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கும் பாடத்தை என்னோடு ஒரு முறை செய்துவிட்டு எடுத்துப் போகலாம்.